காரணம் கேட்கிறவர்கள்

கதைகளில் காதல் வருகிறது. தேர்த் திருவிழாக் கூட்டத்தில் ஒரு வாலிபன் ஒரு பெண்ணைப் பார்க்கிறான். அந்தக் கணத்திலிருந்து அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் பிடிக்கவில்லை என்று எழுதுகிறோம். வாசகர்களும் ஒப்புக்கொள்கிறார்கள். இத்தனை வருஷமாகக் கதை எழுதி வருகிறேன். எத்தனையோ விஷயங்களுக்கு என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். அந்தக் குமாஸ்தா ஏன் வேலையை விட்டான், இந்தக் கிழவி ஏன் மகன் வீட்டுக்குப் போக மறுத்தாள் என்றெல்லாம் கேட்டுக் கடிதம் வரும். ஆனால், 'உங்கள் கதாநாயகனுக்குப் பெண்கள்மேல் நாட்டம் எப்படி உண்டாயிற்று? சிறு வயசில் அவனுக்கு என்ன நேர்ந்தது?' என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

அதே வாலிபன், அதே திருவிழாவில், இன்னொரு வாலிபனிடம் மனத்தைப் பறிகொடுத்தான் என்று எழுதிப் பாருங்கள். முதல் கேள்வியே 'ஏன்?' என்பதாகத்தான் இருக்கும். அவன் தாயார் எப்படிப்பட்டவள், தகப்பன் எங்கே போனான், யார் அவனைக் கெடுத்தார்கள் என்று விசாரணை ஆரம்பமாகிவிடும்.

காரணம் கேட்பது தப்பில்லை. ஆனால் எதற்குக் காரணம் கேட்கிறோம், எதற்குக் கேட்பதில்லை என்று கவனித்தால், நாம் முன்கூட்டியே எழுதி வைத்திருக்கிற தீர்ப்பு தெரிந்துவிடும். காய்ச்சல் வந்தவனை, 'மழையில் நனைந்தாயா? கண்டதைத் தின்றாயா?' என்று விசாரிக்கிறோம். காய்ச்சல் இல்லாதவனை நிறுத்தி வைத்து, 'உன் உடம்பு ஏன் சாதாரணமாக இருக்கிறது?' என்று யாரும் கேட்பதில்லை. வலது கையால் எழுதுகிற பிள்ளையை எந்த வாத்தியாரும் ஏன் என்று கேட்டதில்லை. இடது கையில் பென்சிலை எடுத்த பிள்ளையின் விரலில் பிரம்பு விழுந்த காலம் உண்டு. ஏறக்குறையப் பத்துப் பேரில் ஒருவர் இடக்கைக்காரர். அது நோயல்ல, திமிரும் அல்ல என்று நமக்குப் புரிவதற்குள் எத்தனையோ விரல்கள் வீங்கிப்போயின.

ஆணுக்கு ஆண்மீதும், பெண்ணுக்குப் பெண்மீதும் உண்டாகிற நாட்டத்தை இப்போது தன்பாலீர்ப்பு என்கிறோம். முன்பு வழங்கிய சொற்களில் பல வசைச் சொற்கள். 2022ல் தமிழக அரசு, இந்த மாதிரி மனிதர்களை மரியாதையாகக் குறிப்பிடும் சொற்களைத் தொகுத்து அரசிதழில் வெளியிட்டது. நல்ல காரியம். சொல் வந்துவிட்டது, கேள்விதான் பழைய இடத்திலேயே நிற்கிறது. இந்த நாட்டம் ஒரு மனிதனுக்கு எப்படி அமைகிறது? பிறப்பா, வளர்ப்பா, பழக்கமா, அல்லது அவனே தேர்ந்துகொண்டதா?

ஆராய்ச்சிக்கூடத்தில் இதைக் கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அது தொழில். விளக்கை அணைத்த பிறகு, தூக்கம் வராமல், தமக்குள்ளேயே இதைக் கேட்டுக்கொள்கிறவர்கள் இருக்கிறார்களே, அவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சில மாதங்களுக்கு முன் ஒரு தாயார் எனக்கு எழுதியிருந்தார். ஊரும் பேரும் இங்கே வேண்டாம். அவருக்கு மூன்று பிள்ளைகள், மூன்றும் ஆண். கடைக்குட்டிக்கு இருபத்துநாலு வயசு; படித்து உத்தியோகத்தில் இருக்கிறான். பெண் பார்க்க ஆரம்பித்தபோது, தன்னால் ஒரு பெண்ணை மணந்து வாழ முடியாது, தன் மனம் ஆண்களிடம்தான் போகிறது என்று அம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். அவர் புருஷனிடம் சொன்னார். 'எல்லாம் நீ குடுத்த செல்லம்' என்று சொல்லிவிட்டு, அன்றோடு மனைவியிடமும் மகனிடமும் பேசுவதை நிறுத்திவிட்டார் அந்த மனிதர்.

அந்த அம்மாள் என்னிடம் கேட்டிருந்தவை நாலு கேள்விகள். மூன்றாவதாவது பெண்ணாகப் பிறக்க வேண்டுமென்று வயிற்றில் சுமந்தபோது ஆசைப்பட்டேனே, அதனாலா? அண்ணன்மாரோடு விளையாடப் போகாமல் அடுப்படியில் என்னையே சுற்றி வருவான், வாசலில் கோலம் போட்டால் கூடவே உட்கார்ந்து புள்ளி வைப்பான், நான் தடுக்கவில்லையே, அதனாலா? அவன் அப்பா பன்னிரண்டு வருஷம் துபாயில் இருந்தார், தகப்பன் நிழல் இல்லாமல் வளர்ந்ததாலா? காலேஜில் ஹாஸ்டலில் சேர்த்தோமே, அங்கே யாராவது பழக்கிவிட்டார்களா? கடைசியில் ஒரு வரி: 'நான் செய்த தப்பு எதுவென்று தெரிந்தாலாவது மனசு ஆறும்.'

நான் வைத்தியன் அல்லன். கல்லூரியில் இரண்டு வருஷம் படித்ததோடு சரி. ஆனால் அறிந்தவர்கள் எழுதி வைத்ததைப் பொறுமையாகப் படிக்கத் தெரியும். அந்தத் தாயாருக்குச் சுருக்கமாக எழுதிய பதிலை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். அவரைப் போன்றவர்கள் நம்மிடையே பலர் இருக்கிறார்கள். எல்லாரும் கடிதம் எழுதுகிறவர்கள் அல்லர்.

முதலில் தகப்பனையும் அடுப்படியையும் எடுத்துக்கொள்வோம். இந்தச் சந்தேகத்துக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது. 1962ல் அமெரிக்காவில் இர்விங் பீபர் என்ற மனோதத்துவ வைத்தியரும் அவருடைய சகாக்களும் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். தன்பாலீர்ப்புள்ள ஆண்கள் 106 பேர், மற்ற ஆண்கள் 100 பேர். எல்லாரும் வைத்தியரிடம் சிகிச்சைக்கு வந்தவர்கள். பிள்ளையை ஒட்டிக்கொண்டு விடாத தாய், ஒட்டாமல் விலகி நிற்கும் தகப்பன், இந்த இரண்டும் சேர்ந்தால் இப்படி ஆகிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். அந்த முடிவு வெகு வேகமாகப் பரவிற்று. வீட்டில் எது நடந்தாலும் அம்மாக்காரியைக் குற்றம் சொல்வது உலகம் பூராவும் சுலபமான காரியமல்லவா?

அதில் இரண்டு ஓட்டைகள். ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களை மட்டும் எண்ணிவிட்டு ஊர் முழுவதையும் நோயாளி என்று சொல்ல முடியாது, இது முதலாவது. இரண்டாவது இன்னும் முக்கியம். தகப்பன் விலகியதால் பிள்ளை அப்படி ஆனானா, பிள்ளை வேறு மாதிரியாக இருப்பதைக் கண்டு தகப்பன் விலகினானா? அடுப்படிக்கு வந்ததால் மென்மையானவன் ஆனானா, மென்மையானவன் ஆகையால் அடுப்படியில் ஆறுதல் தேடினானா? எது முன், எது பின் என்று தெரியாமல் ஒன்றுக்கு மற்றொன்று காரணம் என்று சொல்லிவிடலாகாது. குடை பிடித்தவர்களைப் பார்த்து, அவர்கள் குடை பிடித்ததால்தான் மழை வந்தது என்று சொல்வது போல ஆகிவிடும்.

முதல் ஓட்டையை முன்னதாகவே சுட்டிக்காட்டிய ஒரு பெண்மணி உண்டு. எவலின் ஹூக்கர் என்று பெயர். கலிபோர்னியாவில் மனோதத்துவம் கற்பித்தவர். அவரிடம் படித்த ஒரு வாலிபர், 'எங்களில் வைத்தியரைத் தேடிப் போகாமல் சாதாரணமாக வாழ்கிறவர்களை நீங்கள் ஆராய வேண்டும்' என்று அவரைக் கேட்டுக்கொண்டார். ஹூக்கர் தன்பாலீர்ப்புள்ளவர்கள் 30 பேரையும் மற்ற ஆண்கள் 30 பேரையும் எடுத்துக்கொண்டார். யாரும் சிகிச்சையில் இருந்தவர்கள் அல்லர். மைக்கறையைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்பது போன்ற பரீட்சைகளைச் செய்தார். விடைத்தாள்களில் பெயரை மறைத்து, அந்தத் துறையில் கைதேர்ந்த நிபுணர்களிடம் கொடுத்து, யார் எந்தக் கட்சி என்று பிரித்துத் தரச் சொன்னார். அவர்களால் முடியவில்லை. காசைச் சுண்டிப் பார்த்துச் சொல்வதைவிட மேலாக ஒன்றும் சொல்ல முடியவில்லை. 1957ல் இந்த முடிவு அச்சாயிற்று. 1973ல் அமெரிக்க மனநோய் வைத்தியர் சங்கம் தன்பாலீர்ப்பைத் தன் நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கியது. 1990ல் உலக சுகாதார ஸ்தாபனம் நீக்கியது. இந்திய மனநல வைத்தியர் சங்கமும் இது நோயல்ல என்று 2018ல் அறிக்கை விட்டது.

வீட்டு வளர்ப்பைப் பற்றியும் நேராகவே ஓர் ஆராய்ச்சி நடந்தது. ஸான் பிரான்ஸிஸ்கோ பக்கத்தில் ஆணும் பெண்ணுமாகச் சுமார் 1,500 பேரை உட்கார வைத்து, அம்மா எப்படி, அப்பா எப்படி, விளையாட்டுத் தோழர்கள் யார் என்றெல்லாம் விவரமாகக் கேட்டு, 1981ல் புத்தகமாகப் போட்டார்கள். பெற்றோர் நடத்தையால் இந்த நாட்டம் உண்டாகிறது என்பதற்கு ஆதாரம் அகப்படவில்லை. பார்க்கப் போனால் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போன தகப்பன்மார் நம் ஜில்லாக்களில் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். ராணுவத்தில் சேர்ந்தவர்கள், லாரி ஓட்டப் போனவர்கள், கப்பலில் போனவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பிள்ளைகள் பேரன் பேத்தி எடுத்துவிட்டார்கள்.

ஆராய்ச்சியே வேண்டாம், சாதாரணப் புத்தியை வைத்துக்கொண்டே யோசிக்கலாம். 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?', 'தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்' என்று நம் பழமொழிகள் வளர்ப்பின் கட்சியில்தான் பேசுகின்றன. வளர்ப்பு இந்த நாட்டத்தை உண்டாக்கும் என்றால், நம் ஊரில் தன்பாலீர்ப்புள்ள மனிதன் ஒருவன்கூட இருக்கக் கூடாது. அவனை வளர்த்தவர்கள் யார்? ஓர் ஆணும் பெண்ணும் சேர்ந்த தம்பதிதான். அவன் கேட்ட கதை ராஜகுமாரனும் ராஜகுமாரியும். பார்த்த சினிமா ஆணும் பெண்ணும் மரத்தைச் சுற்றி ஓடுவது. போன கல்யாணங்களில் எல்லாம் மாப்பிள்ளையும் பெண்ணும். பிறந்த நாள் முதல் இருபது வருஷம், பகலும் இரவும், ஊரே கூடி ஒரே பாடத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அப்படியும் அந்தப் பாடம் அவனிடம் ஏறவில்லை என்றால், இது பாடத்தால் வருகிற சமாசாரம் அல்ல என்பதுதானே பொருள்?

ஹாஸ்டலுக்கும் இதே பதில்தான். பெண்களே இல்லாத இடத்தில், ஜெயிலிலோ கப்பலிலோ, ஆண்கள் தங்களுக்குள் நெருங்குவதுண்டு. வெளியே வந்ததும் பெரும்பாலோர் பழையபடி பெண்ணைத் தேடிப் போய்விடுகிறார்கள். சந்தர்ப்பம் ஒருவன் நடத்தையை மாற்றலாம். மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதை அது தீர்மானிப்பதாகத் தெரியவில்லை. ஹாஸ்டலில் அந்தப் பிள்ளை எதையாவது கண்டுகொண்டான் என்றால், தன்னைப் போல் இன்னொருவனும் இருக்கிறான் என்பதைக் கண்டுகொண்டிருப்பான்.

மிச்சம் இருப்பது வயிறு. தாய் ஆசைப்பட்டதால் வயிற்றுப் பிள்ளையின் நாட்டம் மாறாது. அப்படி மாறுமானால், ஆண் குழந்தை வேண்டி நாடு முழுவதும் கோவில் சுற்றிய தாய்மார்களின் பெண்களெல்லாம் என்ன ஆகியிருக்க வேண்டும்? ஆனால் பிறப்புக்கு முந்திய காலத்துக்கு இதில் பங்கே இல்லை என்று விஞ்ஞானம் சொல்லவில்லை. சொல்லப்போனால் தடயங்கள் அந்தப் பக்கம்தான் அதிகம் கிடைத்திருக்கின்றன.

1991ல் அமெரிக்காவில் இரட்டையரைப் பற்றி ஓர் ஆராய்ச்சி வந்தது. தன்பாலீர்ப்புள்ள ஆண்களைப் பிடித்து, அவர்களுடைய சகோதரர்களைப் பற்றி விசாரித்தார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையரில் 52 சதவிகிதம் பேர் அதே நாட்டம் உடையவர்கள்; தனித்தனிக் கருவில் உண்டான இரட்டையரில் 22 சதவிகிதம்; தத்து எடுத்து வளர்த்த சகோதரர்களில் 11 சதவிகிதம். விளம்பரம் கொடுத்து ஆள் சேர்த்ததால் இந்தக் கணக்குக் கொஞ்சம் ஊதிப்போயிருந்தது. 2000ல் ஆஸ்திரேலியாவில் இரட்டையர் பதிவேட்டைக் கொண்டு பார்த்தபோது, ஒரே கருவின் இரட்டையரில் ஒற்றுமை ஆண்களில் 20, பெண்களில் 24 சதவிகிதந்தான். பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பது இதிலிருந்து தெரிகிறது. இன்னொன்றும் தெரிகிறது. ஒரே ரத்தம், ஒரே வயிறு, ஒரே வீடு, ஒரே தாய், ஒரே தகப்பன். அப்படியும் ஒருவன் ஒரு பக்கமும் மற்றவன் மறு பக்கமும் போகிறார்கள். ரத்தத்தை மட்டுமோ வளர்ப்பை மட்டுமோ கைகாட்டி ஒதுங்கிக்கொள்ள முடியாது.

2019ல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலுமாக 4,77,522 பேருடைய மரபணுக்களை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளிவந்தது. இதற்கென்று தனியாக ஒரு மரபணு இல்லை; சின்னச் சின்னப் பங்கு உள்ளவை ஏராளம். அத்தனையையும் கூட்டினாலும் வித்தியாசத்தில் 8 முதல் 25 சதவிகிதம்வரைதான் அவற்றால் விளக்க முடிகிறது என்பது அதன் சாரம். ஒருவன் மரபணுவைப் பார்த்து, இவன் யாரை விரும்புவான் என்று ஜாதகம் கணிக்க முடியாது என்றும் அதை எழுதியவர்களே சொல்லிவிட்டார்கள்.

மூன்றாவது ஆண் பிள்ளையைப் பற்றிக் கேட்ட அந்தத் தாயாருக்கு முக்கியமான ஒரு விஷயம் உண்டு. கானடாவைச் சேர்ந்த ரே பிளான்சார்டும் ஆன்டனி போகார்ட்டும் 1996ல் ஒரு விசித்திரத்தைக் கண்டார்கள். ஓர் ஆணுக்கு ஒரே தாய் வயிற்றில் பிறந்த அண்ணன்மார் எத்தனை பேரோ, அத்தனைக்குத் தக்கபடி அவன் தன்பாலீர்ப்புள்ளவனாக இருக்கும் சாத்தியம் கூடுகிறது. அண்ணன் ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு வீதம். அக்காமார் இருந்தால் அப்படி இல்லை. 2006ல் போகார்ட் இதை மேலும் சோதித்தார். கூடவே வளர்ந்தாலும் வேறு தாய்க்குப் பிறந்த அண்ணன்மாரால் அந்த விளைவு இல்லை. வேறு வீட்டில் வளர்ந்தாலும் அதே வயிற்றில் பிறந்த அண்ணன்மாரால் உண்டு. ஆகவே காரணம் வீட்டில் இல்லை, வயிற்றில் இருக்கிறது. ஆண் கருவின் சில சத்துகளுக்கு எதிராகத் தாயின் உடம்பில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி அடுத்தடுத்த கர்ப்பத்தில் கூடுவதுதான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது கருதுகிறார்கள். ஆனால் பயப்பட ஒன்றுமில்லை. நூறு பேரில் இரண்டு பேர் என்று ஆரம்பித்தால், மூன்று அண்ணன்மார் உள்ளவர்களிலும் 95 பேர் பெண்களையே விரும்புகிறவர்களாக இருப்பார்கள். தவிரவும் இது தாய் நினைத்துச் செய்கிற காரியமா? தன் ரத்தத்தில் என்ன ஊறுகிறது என்று எந்தத் தாய்க்குத் தெரியும்? இதைக் குற்றம் என்றால், பிள்ளைக்குக் கண்ணின் நிறத்தைக் கொடுத்ததும் குற்றந்தான்.

ஒன்றைக் கவனித்திருப்பீர்கள். இந்த ஆராய்ச்சிகளில் பெரும்பாலும் ஆண்களைப் பற்றியே பேச்சு. பெண்ணை விரும்பும் பெண்ணைப் பற்றி விஞ்ஞானம் குறைவாகவே விசாரித்திருக்கிறது. எதிலும் போல இதிலும் பெண் பின் வரிசைதான்.

இனி, 'அவனே தேர்ந்துகொண்டது' என்ற கட்சி. வாசகர்கள் ஒவ்வொருவரும் தங்களைக் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம். எந்தத் தேதியில், எந்த ஊரில், நான் இன்னாரைத்தான் விரும்புவது என்று முடிவு செய்தேன்? யாருக்கும் அப்படி ஒரு நாள் ஞாபகம் இருக்காது. தேர்ந்துகொள்ளாததை விட்டுவிடவும் முடியாது என்பதை மனிதர்கள் மிகுந்த விலை கொடுத்து நிரூபித்திருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சாஸ்திரத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் ஒருவர் ஆலன் டூரிங்; இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் ரகசியக் குறிகளை உடைத்து இங்கிலாந்துக்குப் பேருதவி செய்தவர். 1952ல் இந்த நாட்டத்துக்காக அதே இங்கிலாந்து அவரைக் கோர்ட்டில் நிறுத்தியது. ஜெயிலா, ஹார்மோன் மருந்தா என்று கேட்டது. அவர் மருந்தை ஏற்றுக்கொண்டார். ஒரு வருஷம் அது அவர் உடம்பைக் குலைத்தது, நாட்டத்தை மாற்றவில்லை. 1954ல், 41 வயசில், விஷத்தால் இறந்தார். 2013ல் ராணியின் பேரால் மன்னிப்பு வழங்கினார்கள். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்பதை வாசகர்கள் யோசித்துக்கொள்ளலாம்.

ராபர்ட் ஸ்பிட்ஸர் என்ற அமெரிக்க வைத்தியர், 1973ல் நோய்ப் பட்டியலிலிருந்து இதை நீக்கப் பாடுபட்டவர். பிறகு 2003ல், சிகிச்சையால் சிலர் மாறக்கூடும் என்று 200 பேரின் வாய்மொழியை வைத்து எழுதினார். அதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைச் சிகிச்சைக்கு இழுத்துப் போனவர்கள் அநேகம். 2012ல் அந்த முடிவு தவறானது என்று கூறி, அதனால் துன்பப்பட்டவர்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார் ஸ்பிட்ஸர். 2021 ஜூனில், மதுரையிலிருந்து சென்னைக்கு அடைக்கலம் தேடி ஓடிவந்த இரண்டு இளம் பெண்களின் வழக்கில், சென்னை ஹைகோர்ட் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய மாற்றுச் சிகிச்சைகள் கூடாது என்று உத்தரவிட்டார். அந்தத் தீர்ப்புக்கு முன், இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்று மனோதத்துவ நிபுணர் ஒருவரிடம் அவரே போய் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். நம் காலத்தில் நான் மெச்சுகிற காரியங்களில் அது ஒன்று. 2022ல் தேசிய மருத்துவ ஆணையமும் அந்தச் சிகிச்சை தொழில் ஒழுக்கக்கேடு என்று அறிவித்தது.

இதுவரை படித்த ஒருவர், 'அப்படியானால் விஷயம் முடிந்தது. பிறவியிலேயே அப்படி, அவன் என்ன செய்வான், பாவம்! விட்டுவிடுவோம்' என்று சொல்லக்கூடும். நல்ல மனசோடுதான் சொல்கிறார். எனக்கு இந்தப் 'பாவம்' தான் பிடிக்கவில்லை. அது பிடிக்காததற்குச் சரித்திரத்தில் காரணம் இருக்கிறது.

பிறவியிலேயே அமைந்தது என்று முதலில் வாதாடியவர்கள் ஜெர்மானியர்கள். 1867ல் மியூனிக் நகரில் சட்ட நிபுணர்கள் மகாநாட்டில் கார்ல் ஹைன்ரிக் உல்ரிக்ஸ் என்பவர் எழுந்து, இயற்கை கொடுத்ததைச் சட்டம் தண்டிக்கலாமா என்று பேச ஆரம்பித்தார். கூச்சல் போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். அவருக்குப் பிறகு மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற வைத்தியர் 1897ல் ஒரு சங்கம் கண்டார். விஞ்ஞானத்தின் வழியாக நீதி என்பது அவருடைய மந்திரம். 1919ல் பெர்லினில் பாலியல் ஆராய்ச்சிக்கென்றே ஒரு நிலையம் கட்டினார். 1931ல் இந்தியாவுக்கும் வந்து போனார். இது பிறவி அமைப்பு என்று நிரூபித்துவிட்டால் உலகம் இரக்கம் கொள்ளும் என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார்.

நடந்தது வேறு. வியன்னாவில் ஷ்டைனாக் என்ற விஞ்ஞானி, 'சுரப்பியில் இருக்கிறதா? அப்படியானால் சுரப்பியை மாற்றிவிடலாம்' என்று கிளம்பினார். அவர் யோசனைப்படி மனிதர்களுக்கு ரண சிகிச்சை செய்து வேறொருவன் விரையை வைத்துத் தைத்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்டே சிலரை அங்கே அனுப்பி வைத்தார். ஒருவருக்கும் நாட்டம் மாறவில்லை. 1933 மே மாதம் நாஜிகள் அவர் நிலையத்தைச் சூறையாடி, புத்தகங்களைத் தெருவில் போட்டுக் கொளுத்தினார்கள். அவர்கள் ஆட்சியில் சுமார் 50,000 பேர் இதற்காகத் தண்டனை பெற்றார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் சித்திரவதை முகாம்களுக்குப் போனார்கள். இதைத் தொற்று என்றும் நாஜிகள் சொன்னார்கள், சுரப்பிக் கோளாறு என்றும் சொன்னார்கள். 1944ல் பூகன்வால்ட் முகாமில் டென்மார்க் தேசத்து வைத்தியர் ஒருவர் கைதிகளின் உடம்புக்குள் ஹார்மோன் மருந்தைப் புதைத்துப் பரீட்சை பார்த்தார். காரணம் எதுவானாலும் அவர்களுக்குக் கவலை இல்லை. தொற்று என்றால் பிரித்து வை. பிறவி என்றால் அறுத்து எறி. வெறுக்க முடிவு செய்தவனுக்கு எந்தக் காரணமும் கைக்கு வாட்டமாகத்தான் இருக்கும்.

ஆகவே, 'பிறவி' என்பதை மட்டும் நம்பி ஒரு மனிதனின் உரிமையை நிறுத்தக் கூடாது என்பது என் அபிப்பிராயம். நாளைக்கே விஞ்ஞானம் வேறு ஒன்றைச் சொல்லலாம். இளம் பிராயத்து அனுபவம் ஏதோ ஒன்றுக்கும் இதில் பங்கு உண்டு என்று கண்டுபிடிக்கலாம். அன்றைக்கு மறுபடியும் பிரம்பை எடுப்போமா?

நம்முடைய தாய்மொழியையே எடுத்துக்கொள்ளுங்கள். பேச்சு என்னும் சக்தி பிறவியில் வருகிறது. தமிழ் பிறவியில் வருவதில்லை. பிறந்த அன்றே என்னைப் பூனாவில் ஒரு குடும்பம் எடுத்து வளர்த்திருந்தால், நான் மராத்தியில் கனவு கண்டிருப்பேன். முழுக்க முழுக்க வளர்ப்பினால் வந்தது என் தமிழ். அதற்காக, 'இது வளர்ப்பில் வந்ததுதானே, மாற்றிக்கொள்' என்று யாராவது சொன்னால் சம்மதிப்பேனா? 1965ல் இந்த நாட்டு மாணவர்கள் தெருவுக்கு வந்து நின்றபோது, தமிழ் எங்கள் மரபணுவில் இருக்கிறது என்று யாரும் வாதாடவில்லை. வாதாட வேண்டிய அவசியமும் இல்லை. தன்பாலீர்ப்பு மொழியைப் போலக் கற்றுக்கொண்டது என்று நான் சொல்லவில்லை. கிடைத்திருக்கிற சான்றுகள் அப்படி இல்லை. பிறவியில் வராத ஒன்றும் மனிதனின் உயிரோடு ஒட்டியதாக இருக்கலாம், அதைப் பிடுங்க எவனுக்கும் உரிமை இல்லை என்பதற்காகவே சொல்கிறேன். மதமும் அப்படித்தான். பிறவியில் வருவது இல்லை, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம். ஆயினும் அரசியல் சட்டம் அதைக் காப்பாற்றுகிறது.

1860ல் வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்த 377-ஆவது பிரிவு, இயற்கையின் ஒழுங்கு என்ற ஒன்றைச் சொல்லி அதை மீறியவர்களுக்கு ஆயுள் தண்டனைவரை விதித்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 1967லேயே தங்கள் சட்டத்தைத் திருத்திக்கொண்டன; நாம் 2018 செப்டம்பர் 6வரை அதைக் கட்டிக்கொண்டு அழுதோம். அன்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், வயது வந்த இருவர் மனமொப்பி வாழ்வதை அந்தப் பிரிவு தொட முடியாது என்று சொன்னார்கள். சமத்துவம், கண்ணியம், அந்தரங்கம் என்பவற்றின்மேல் தீர்ப்பு நின்றது. எந்த மரபணுவால் இப்படி ஆனாய் என்று குடிமகனைக் கேட்க வேண்டிய தேவை அதற்கு இல்லை. ஒருவருக்கும் தீங்கு இல்லாமல், இருவரும் சம்மதித்து, ஒளிவு மறைவு இல்லாமல் அன்பு செலுத்துகிறார்களா என்பதுதான் நெறியைப் பற்றிய கேள்வி. இந்தக் கேள்வியைப் பெண்ணை விரும்புகிற ஆணிடமும் கேட்க வேண்டும். சரியாகக் கேட்டால், நம் வீடுகளில் நடக்கிற பல கல்யாணங்கள் அதில் தேறமாட்டா.

அப்படியானால் பெற்றவர்களுக்கு இதில் பங்கே இல்லையா? உண்டு, பெரிய பங்கு உண்டு. அமெரிக்காவில் இந்த நாட்டம் உள்ள இளைஞர்களை விசாரித்து 2009ல் ஒரு கட்டுரை வந்தது. வீட்டார் மிகவும் வெறுத்து ஒதுக்கியவர்களில் தற்கொலைக்கு முயன்றவர்களின் விகிதம், வீட்டார் அவ்வாறு ஒதுக்காதவர்களோடு ஒப்பிட்டால் எட்டு மடங்குக்கும் மேல். பிள்ளையின் மனம் யாரிடம் போகும் என்பதைத் தாயின் செல்லமோ தகப்பனின் கண்டிப்போ தீர்மானிப்பதில்லை. அந்தப் பிள்ளை உயிரோடு இருப்பானா, இருந்தால் தலை நிமிர்ந்து இருப்பானா என்பது பெரும்பாலும் அந்த வீட்டில்தான் தீர்மானமாகிறது. வளர்ப்பைப் பற்றி நம் பெரியவர்கள் சொன்னதெல்லாம் இந்த இடத்தில் உண்மை.

தப்பு எதுவென்று தேடுகிற பெற்றோர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கடந்த இருபது வருஷத்தில் அதைத் தேடாதீர்கள், அங்கே இல்லை. பேச்சை நிறுத்திய தகப்பன் மறுபடி பேச வேண்டும். முதல் பேச்சு இந்த விஷயமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. சாப்பிட்டாயா, எப்போது ஊருக்கு வருகிறாய் என்று கேட்டால் போதும். பெண் பார்ப்பதை நிறுத்திவிட வேண்டும். ஊர் வாயை மூடுவதற்காக ஒரு பெண்ணைக் கொண்டுவந்து கட்டி வைத்தால் கஷ்டப்படுகிறவர்கள் இருவராகிவிடுவார்கள். அந்தப் பெண்ணைப் பெற்றவளும் ஒரு நாள் ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, நான் என்ன தப்புப் பண்ணினேன் என்று கேட்டுக்கொள்வாள். அவளுக்குப் பதில் சொல்ல நம்மிடம் ஆராய்ச்சி ஒன்றும் இருக்காது.